வறட்சிக் காலத்தில் வாக்கு மாறாதிருப்போம்

புனித இஞ்ஞாசியார் மன்றேசாவில் கற்ற பாடம்



“சுவாமி, செபமாலையைக் கையில் எடுக்கிறேன், மனம் கல்லாய்க் கிடக்கிறது. பூசைக்கு வருகிறேன், கடமைக்காக நிற்கிறேன். இப்படிச் செபிப்பதைவிடச் செபியாதிருப்பது நேர்மை அல்லவா?” இந்தக் கேள்வி எழாத பங்கு இல்லை, இதனைக் கேளாத குருவும் இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் பக்தி குறைந்தவர்கள் அல்லர். பல ஆண்டுகள் ஒழுங்காகக் கோயிலுக்கு வந்தவர்கள். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர்கள். ஒரு மரணத்தின் பின்போ, நீண்ட நோயின் நடுவிலோ, வெளிநாடு போன பிள்ளையிடமிருந்து செய்தி வராத நாட்களிலோ, சிலவேளை எந்தக் காரணமும் தெரியாமலோ, உள்ளத்தில் ஈரம் வற்றிப்போனவர்கள்.

இவர்களுக்கு நாம் வழக்கமாக இரண்டு பதில்களைச் சொல்கிறோம். ஒன்று, “துன்பம் ஆத்துமத்துக்கு நல்லது, பொறுத்துக்கொள்.” மற்றது, “இன்னும் கூடச் செபி.” இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. துன்பம் தன்னளவில் எவரையும் புனிதராக்குவதில்லை. ஒரே வீட்டில், ஒரே இழப்பினால், ஒருவர் கனிந்து போவதையும் மற்றவர் கசந்து போவதையும் காண்கிறோம். கூடச் செபிப்பதும் எல்லா வேளையிலும் மருந்தாகிவிடாது. அப்படியானால், உள்ளத்தில் நடக்கும் போராட்டம் எப்போது வளர்ச்சியாக மாறுகிறது? இதனைத் தம் உடலிலும் உள்ளத்திலும் பட்டறிந்து, திருச்சபைக்கு எழுதி வைத்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். அவருடைய வாழ்வில் ஓர் ஆண்டுக்கும் குறைந்த ஒரு காலப்பகுதியை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

காலொடிந்த வீரர்

இஞ்ஞாசியார் 1491ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில், லொயோலாக் கோட்டையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இனிகோ. அரச சேவையில் வளர்ந்தார். வீரம், புகழ், உயர்குலப் பெண்ணொருத்தியின் அன்பு ஆகியவையே முப்பது வயதுவரை அவர் கண்ட கனவுகள். 1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி பம்ப்லோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. சரணடைவோம் என்று மற்றவர்கள் சொல்ல, போராடியே தீரவேண்டும் என்று தலைவரை இணங்கவைத்தவர் இவர்தான். பீரங்கிக் குண்டொன்று அவருடைய வலது காலை முறித்தது. மற்றக் காலும் காயப்பட்டது. அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது.

பகைவர்களே அவருக்குச் சிகிச்சை அளித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். எலும்பு சரியாகப் பொருந்தாததால், வைத்தியர்கள் அதனை மறுபடியும் உடைத்துப் பொருத்தினார்கள். புனித இராயப்பர், சின்னப்பர் திருநாளுக்கு முந்திய இரவு, நள்ளிரவுக்குள் சுகம் காணாவிட்டால் இறப்பது நிச்சயம் என்ற நிலை. எனினும் பிழைத்துக்கொண்டார். முழங்காலின் கீழ் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அழகான காலணி அணிய முடியாதே என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், அதையும் அறுத்தெடுக்கச் செய்தார். தாங்கிக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் நிரம்ப இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆயினும் அந்தத் தாங்குதலால் அவருடைய ஆத்துமம் சிறிதும் வளரவில்லை. வேதனை பெரியது, அதைத் தாங்கிய நோக்கமோ வீண்பெருமை.

படுக்கையில் பொழுதுபோக்க வீரக்கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துநாதரின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே இருந்தன. அவற்றை வாசித்தார், இடையிடையே பழைய கனவுகளிலும் மூழ்கினார். நாட்கள் செல்ல ஒரு வித்தியாசம் அவருக்குப் புலப்பட்டது. உலகப் புகழைப் பற்றிய எண்ணம் வரும்போது இனித்தது. போனபின் மனம் வறண்டு, திருப்தியற்று நின்றது. புனிதர்களைப் போல வாழவேண்டும் என்ற எண்ணமோ வரும்போதும் இனித்தது. போனபின்னும் மகிழ்ச்சி நிலைத்திருந்தது. ஓர் எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அது போகும்போது எதை விட்டுச் செல்கிறது என்பதை அவர் பார்க்கத் தொடங்கினார். அவருடைய ஞான வாழ்வின் அரிச்சுவடி இதுவே.

மன்றேசாவில் வந்த சோதனை

1522ஆம் ஆண்டு மார்ச் மாதம், மொன்செராற் மலையிலுள்ள தேவமாதாவின் திருத்தலத்தை அடைந்தார். தம் வாழ்நாட் பாவங்களையெல்லாம் எழுதி, மூன்று நாட்கள் எடுத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார். தமது விலையுயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்தார். மாதாவின் பீடத்தின் முன் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தார். வாளை அங்கேயே விட்டுச்சென்றார். அருகிலுள்ள மன்றேசா என்னும் ஊரில் சில நாட்கள் தங்க எண்ணிப் போனவர், 1523ஆம் ஆண்டு பெப்ரவரி வரை அங்கேயே இருந்தார். பிச்சை எடுத்து உண்டார். நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிலிருந்து செபித்தார்.

இனி எல்லாம் இன்பமாகவே செல்லும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சில மாதங்கள் அப்படியே சென்றன. பின்னர் ஓர் எண்ணம் அவரை நெருக்கியது: இன்னும் எழுபது வருடம் வாழவேண்டுமே, இந்த வாழ்க்கையை எப்படித் தாங்குவாய்? ஒரு மணி நேர ஆயுளையாவது எனக்கு உறுதியாகத் தர உன்னால் முடியுமா என்று அதனைத் திருப்பிக் கேட்டு வென்றார். அதன்பின் உள்ளம் அலைமோதத் தொடங்கியது. ஒரு வேளை செபத்தில் சுவையே இல்லை, மறுவேளை பேரானந்தம். இது என்ன புது வாழ்க்கை என்று அவரே திகைத்தார்.

பெரும் சோதனை அதற்குப் பின்புதான் வந்தது. மொன்செராற்றில் பாவங்களைச் சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம் எழுந்தது. மறுபடி சங்கீர்த்தனம் செய்தார், நிம்மதி இல்லை. இன்னும் நுணுக்கமாகச் சொன்னார். அப்போதும் நிம்மதி இல்லை. மிகத் தெளிவாகத் தெரியாத பழைய பாவங்களை இனிச் சொல்லவேண்டாம் என்று குருவானவர் பணித்தார். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! ஆகவே அந்தக் கட்டளையும் உதவவில்லை. சாமிநாதர் சபைத் துறவிகள் கொடுத்த சிறு அறையில் தங்கியிருந்த அந்நாட்களில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் பலமுறை அவரைத் தாக்கியது. ஆண்டவரை நோகச்செய்யும் எதனையும் செய்யமாட்டேன் என்று கதறி அதனை எதிர்த்து நின்றார்.

கடைசியில், இறைவன் விடுவிக்கும்வரை உண்பதில்லை என்று தீர்மானித்தார். ஒரு ஞாயிறு தொடக்கம் மறு ஞாயிறு வரை ஒன்றும் உண்ணவில்லை. ஏழு மணி நேரச் செபத்தையும் விடவில்லை. இதை அறிந்த குருவானவர் உபவாசத்தை முடிக்கும்படி கட்டளையிட்டார். இன்னும் தாங்கும் பலம் தமக்கிருப்பதாக உணர்ந்தபோதிலும் இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார். இரண்டு நாட்கள் அமைதி. மூன்றாம் நாள் பாவ நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அவற்றின் முடிவில், தாம் மேற்கொண்ட வாழ்க்கையிலேயே வெறுப்பும், அதனை விட்டுவிடும் ஆசையும் எழுந்தன.

முடிச்சு அவிழ்ந்த விதம்

இங்கேதான் அவர் விழித்துக்கொண்டார். நோய்ப்படுக்கையில் கற்ற அரிச்சுவடி கைகொடுத்தது. இந்த எண்ணம் எங்கே தொடங்கியது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தார். தொடக்கம் பக்தியாகத் தோன்றியது. பாவத்தை முழுமையாகக் களையவேண்டும் என்ற ஆசை. முடிவோ, இறைபணியையே கைவிடும் ஆசை. நல்ல ஆவி இத்தகைய முடிவுக்கு இட்டுச்செல்லாது. ஆகவே, சொல்லி மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களை இனிமேல் சங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று தெளிந்த மனத்தோடு தீர்மானித்தார். அன்றோடு அந்த வேதனை நீங்கியது. ஆண்டவரே தம்மீது இரங்கி விடுவித்தார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அன்பர்களே, இதனை ஊன்றிக் கவனியுங்கள். கூடுதலான செபமும் கடும் உபவாசமும் அவரை விடுவிக்கவில்லை. அவற்றை அவர் அறியாமலே மன்னிப்புக்குக் கொடுக்கும் விலையாக்கிவிட்டார். மன்னிப்போ முன்னரே இலவசமாக அளிக்கப்பட்டிருந்தது. அதனைப் பெற்றுக்கொண்டேன் என்று நம்புவதொன்றே மீதியாயிருந்தது. தம் பலத்தில் கட்டிய கோட்டை பம்ப்லோனாவில் ஒருமுறை விழுந்தது. மன்றேசாவில் மறுமுறை விழுந்தது. இரண்டாம் கோட்டை விழுந்த இடத்திலேதான் விசுவாசம் ஊன்றியது.

அதன்பின் சிறு காரியங்களிலும் அவர் தெளிவடைந்தார். படுக்கப் போகும் வேளையில் பெரும் ஞான வெளிச்சங்கள் வந்து தூக்கத்தைக் கெடுத்தன. தூக்கத்துக்கென ஒதுக்கிய நேரம் தூக்கத்துக்கே உரியது என்று அவற்றை விலக்கிவிட்டுத் தூங்கினார். இறைவாக்கினர் எலியாஸ் மனமுடைந்து, சாவை வேண்டிப் பாலைவனத்தில் படுத்தபோது, வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி உணவும் நீரும் கொடுத்தார். உண்டு மறுபடி படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச்செய்தார். அரசர் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசித்துப் பாருங்கள்.

நமக்கு நான்கு விதிகள்

மன்றேசாவில் தம்முள் நடந்ததை இஞ்ஞாசியார் குறித்துவைத்தார். அக்குறிப்புகளே வளர்ந்து ‘ஞானப் பயிற்சிகள்’ என்னும் நூலாயின. பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548ஆம் ஆண்டு அதற்கு அங்கீகாரம் அளித்தார். தியானங்களில் குருக்களும் துறவிகளும் பொதுநிலையினரும் இன்றும் பின்பற்றுவது இந்நூலையே. உள்ளத்தில் ஆறுதலும் வறட்சியும் மாறிவரும்போது நடந்துகொள்ளும் முறையை அதில் விதிகளாகத் தந்திருக்கிறார். அவற்றுள் நான்கை மட்டும் குடும்ப வாழ்வுக்கு ஏற்றவாறு எடுத்துக்கொள்வோம்.

1. வறட்சியில் தீர்மானத்தை மாற்றாதே. தெளிவான மனத்தோடு செய்த நல்ல தீர்மானத்தை, மனம் இருண்டிருக்கும் வேளையில் மாற்றக்கூடாது. தவக்காலத் தொடக்கத்தில் ஒருவர் மதுவை விட்டார். மூன்றாம் வாரம் வீட்டில் ஒரு சச்சரவு. ‘யாருக்காக இந்தப் பாடு?’ என்று எண்ணம் எழுகிறது. கால் தவறணையை நோக்கி நடக்கிறது. அந்த எண்ணம் பிறந்த நேரத்தைப் பாருங்கள்! விட்டபோது மனம் தெளிந்திருந்தது. தொடும்போது கோபத்தில் இருக்கிறது. எந்த நேரத்து மனிதனுக்குச் செவிகொடுப்பது? கணவன் மனைவி பிரிவதைப் பற்றியும், பிள்ளை படிப்பை விடுவதைப் பற்றியும், துறவி அழைத்தலைக் கைவிடுவதைப் பற்றியும் இதுவே விதி. பிறகு மாற்றவேண்டியும் வரலாம். ஆனால் முடிவு வெளிச்சத்தில் எடுக்கப்படட்டும். வீட்டில் அடியும் ஆபத்தும் இருந்தால் அது வேறு விடயம். பாதுகாப்பான இடத்துக்குப் போவதற்கு எவரும் மனத்தெளிவு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

2. சற்றே எதிர்த்து நில். வறட்சி வரும்போது செபத்தைக் குறைக்கத் தோன்றும். இஞ்ஞாசியாரோ, குறித்த நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும்படி சொல்கிறார். சற்றுத்தான், ஏழு நாள் பட்டினி வேண்டாம். ஐம்பத்து மூன்று மணி செபமாலையை வரண்ட மனத்தோடு சொல்லி முடித்தீர்களா? எழும்புமுன் இன்னும் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். உணர்ச்சி இல்லாத செபம் பொய்யான செபம் என்று எண்ணாதீர்கள். நோயாளிப் பிள்ளைக்கு நடுச்சாமத்தில் மருந்து கொடுக்கும் தாயின் உள்ளத்தில் அந்நேரம் இனிய உணர்ச்சி ஒன்றும் இராது, நித்திரைதான் இருக்கும். அவளுடைய அன்பை யார் பொய் என்பார்?

3. காரணத்தைத் தேடு. வறட்சிக்கு மூன்று காரணங்களைப் புனிதர் காட்டுகிறார். நமது அசட்டை ஒன்று. ஆறுதல் என்னும் கூலி இல்லாமலும் நாம் சேவிப்போமா என்று நாமே அறிந்துகொள்வது இன்னொன்று. ஆறுதல் நமது சம்பாத்தியம் அல்ல, இறைவனின் கொடை என்று உணர்வது மூன்றாவது. இந்த விசாரணையை ஒவ்வொருவரும் தமக்கே செய்யவேண்டும், பிறர்மேல் ஏவக்கூடாது. போரின் இறுதி மாதங்களில், 2009ஆம் ஆண்டில், மகனைத் தொலைத்துவிட்டுப் படத்தின் முன் அமர்ந்திருக்கும் தாயிடம், உன் செபத்தில் ஏதோ குறை என்று சொல்பவர் யோபுவின் நண்பர்களோடு சேர்ந்துகொள்கிறார். அவள் அருகில் இருந்து, அவளுக்காக நாம் செபிக்கவேண்டிய நேரம் அது.

4. மறைக்காதே. தீய ஆவி இரகசியத்தை விரும்புகிறது என்கிறார் இஞ்ஞாசியார். மறைத்து வைத்த எண்ணம் இருட்டறையில் பருக்கிறது. நல்ல குருவானவரிடமோ அறிவுள்ள ஞான வழிகாட்டியிடமோ சொல்லப்பட்டதும் அதன் பலம் பாதி குறைகிறது. மன்றேசாவில் அவர் எதையும் மறைக்கவில்லை. தமது உபவாசத்தையும் சொன்னார். அதனால்தான் அதனை நிறுத்தும் கட்டளை அவருக்குக் கிடைத்தது.

இந்நான்காம் விதியோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாவ அச்சம் ஓயாமல் வருத்துவதும், உறக்கமும் உணவும் அற்றுப்போவதும், சாக வேண்டும் என்ற எண்ணம் வருவதும் பல வேளைகளில் நோயின் அறிகுறிகள். நோய்க்கு வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவாகாது. அத்தகைய எண்ணம் உங்களுக்கு வந்தால் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியே சுமக்காதீர்கள். உங்களிடம் ஒருவர் சொன்னால் ஏசாதீர்கள், வேதாகம வசனத்தால் வாயடைக்காதீர்கள். கூடவே இருந்து, வைத்தியரிடம் அழைத்துச்செல்லுங்கள். இத்தகைய எண்ணத்தால் தாக்கப்பட்ட ஒருவரைத் திருச்சபை பீடத்தில் வைத்து வணங்குகிறது என்பதே அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

காயம் பிறருக்கு மருந்தானது

போராட்டம் வளர்ச்சியாயிற்று என்பதற்கு அடையாளம் என்ன? அது பிறருக்குப் பயன்படத் தொடங்குவதே. 1523இல் எருசலேம் சென்ற இஞ்ஞாசியாரை அங்கே தங்க அனுமதிக்கவில்லை. திரும்பி வந்து, பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் படித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பாடம் மனனம் செய்யும்போதெல்லாம் பக்திப் பரவசம் வந்து படிப்பைக் கெடுத்தது. செபவேளையில் வராத பரவசம் பாடவேளையில் வருகிறதே என்று கவனித்து, இதுவும் சோதனையே எனக் கண்டுகொண்டார். ஆசிரியரிடம் சென்று, ஒழுங்காகப் பாடம் கேட்பேன் என்று வாக்குக் கொடுத்தார். பக்தியின் பெயரால் கடமையை விடத் தூண்டும் எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க அவர் பழகியிருந்தார்.

பின்னர் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பீற்றர் பேபர் என்னும் இளைஞரோடு ஒரே அறையில் வாழ்ந்தார். பேபரும் பாவ அச்சத்தால் வாடியவர். அந்த நோயை உள்ளிருந்து அறிந்த இஞ்ஞாசியாரைவிட நல்ல துணை அவருக்கு யார்? பொறுமையோடு அவரைக் கைப்பிடித்து நடத்தினார். அவர்களிடையே முதலில் குருவானவர் பேபரே. 1534ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி மொன்மார்த்ர் குன்றில் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது திருப்பலி நிறைவேற்றியவரும் அவரே. 2013ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அதே அறையில் வாழ்ந்த மூன்றாமவரை நாம் நன்கறிவோம். அவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1542இல் கோவா வந்து, முத்துக்குளித்துறை மக்களிடையே பணிபுரிந்தார். அவர் அனுப்பிய குருவானவர் மன்னாரில் திருமுழுக்குக் கொடுத்தார். 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் அம்மக்களுள் ஏறக்குறைய 600 பேர் கிறிஸ்துவுக்காக உயிர் ஈந்தார்கள். மன்றேசாவின் அறையில் மனமுடைந்து நின்றவர் தம் தீர்மானத்தை அன்று கைவிட்டிருந்தால்? நம் மூதாதையரை ஆண்டவர் வேறு வழியாலும் அழைத்திருப்பார். ஆயினும் அவர் அழைத்த வழி, ஒரு மனிதர் தம் இருண்ட நாளில் வாக்கு மாறாதிருந்த வழியாகும்.

1556ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி உரோமையில் இறக்கும்வரை இஞ்ஞாசியார் சற்று நொண்டியே நடந்தார். இரவு முழுவதும் இறைவனோடு மல்லாடிய யாக்கோபுவும், விடியும்போது ஆசீரோடும் நொண்டும் காலோடுமே நடந்தான். போராட்டத்தின்பின் தழும்பே இராது என்று ஆண்டவர் எவருக்கும் வாக்களிக்கவில்லை. உயிர்த்த ஆண்டவரின் திருக்கரங்களிலும் காயங்கள் இருந்தன அல்லவா?

ஆகவே, வறண்ட மனத்தோடு இந்த ஞாயிறும் கோயிலுக்கு வெளிக்கிடும் சகோதரனே, சகோதரியே, வாருங்கள். எதையும் உணராவிட்டாலும் வாருங்கள். பின்வாங்கில் இருந்தாலும் போதும். நீங்கள் உணராத வேளையிலும் உங்களைத் தாங்கப் போதுமான அருள் உங்களோடு இருக்கிறது.

குடும்பமாகச் சிந்திக்க

1. கடந்த ஒரு மாதத்தில் மனத்தெளிவோடு செய்த எந்த நல்ல தீர்மானத்தை, மனம் சோர்ந்த வேளையில் கைவிட்டோம்? அதனை மீண்டும் தொடங்க முதல் அடி என்ன?

2. மன்னிக்கப்பட்ட பழைய குற்றத்தை நாமே நமக்கு, அல்லது வீட்டில் ஒருவருக்கு, திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறோமா?

3. நமது உறவினருள், அயலவருள், அண்மைக் காலமாகக் கோயிலுக்கு வராதிருப்பவர் யார்? குறை சொல்லாமல் அவரைப் போய்ப் பார்க்க இவ்வாரம் யாருக்கு முடியும்?